கேபினுக்கு முன்னால் வந்த கொக்கு

என் கணவரிடம் வேலையைப் பற்றி எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "மேலே போனேன், கீழே வந்தேன்." அவ்வளவுதான், கடையை மூடிவிடுவார்.

அவர் டவர் கிரேன் ஆப்பரேட்டர். உயரமான கட்டடம் எழும்பும் இடத்தில் பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில் ஓர் இரும்புக் கோபுரம் நிற்குமே, அதன் உச்சியில் தீப்பெட்டி மாதிரி ஒரு கண்ணாடி கேபின் தெரியுமே, அதற்குள் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பவர். ஊரே அவர் காலடியில் கிடக்கும். மழை வருவது எங்களுக்கெல்லாம் தெரிவதற்கு முன்னால் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, "டீ இருக்கா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகாயத்திலிருந்து வந்த மனுஷன் கேட்கிற கேள்வியா இது!

நான் எழுதிப் பிழைப்பவள். கட்டடத் தொழிலுக்கென்று வரும் ஒரு மாத இதழில் வேலை. சிமென்ட் பற்றி ஒரு புத்தகம் போட்டிருக்கிறேன், செங்கல் பற்றி இன்னொன்று. என்ஜினியர்கள் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். படித்ததாக இதுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்றாவதாக டவர் கிரேன் பற்றி எழுதினேன். வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே, கேட்டுக் கேட்டு எழுதிவிடலாம் என்று நம்பிக்கை. கேட்கவும் செய்தேன்.

"அவ்வளவு உயரத்துல பயமா இருக்குமா? இருக்காது இல்ல? பழகிப் போயிருக்கும்."

"ம்."

"தனியா இருக்கறது போரடிக்குமே. ஆனா வேலை மும்முரத்துல தெரியாது, அப்படித்தானே?"

"ம். ரேடியோவை அணைச்சுட்டுச் சாப்பிடலாமா?"

வீட்டில் ரேடியோ கிடையாது. அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் அது.

பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார். அதிகம் பேசாத மனிதர், எழுதுவதிலும் சிக்கனம். மேல் தாளில் ஒரே வரி: "தகவல் இருக்கிறது, ஆள் இல்லை." எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆள் இல்லையாமே! கிரேனின் எடையிலிருந்து கடைசி போல்ட் வரைக்கும் எழுதியிருக்கிறேன், இன்னும் என்ன ஆள் வேண்டும்? இரண்டு நாள் சமையலறைப் பாத்திரங்கள் மேல் அந்தக் கோபத்தைக் காட்டிவிட்டு, மூன்றாம் நாள் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து முதுகலைக்கு விண்ணப்பம் போட்டேன். மாலை வகுப்பு, இரண்டு வருஷம்.

"எழுதத் தெரியாமலா ரெண்டு புத்தகம் எழுதின?" என்றார் கணவர்.

"மூணாவதை எழுதத் தெரியல இல்ல?" என்றேன். நான் அப்படி ஒப்புக்கொண்டதில் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

வகுப்பு பழைய கட்டடம் ஒன்றின் மாடியில். நீளமான மேஜை, ஒன்றுக்கொன்று ஒட்டாத நாற்காலிகள், எழுதியழித்துச் சாம்பல் நிறமாகிவிட்ட வெள்ளைப் பலகை. டீச்சர் என்னைவிட வெகு இளையவர். என்னை "அக்கா" என்பார், நான் "டீச்சர்" என்பேன், அது பாட்டுக்கு ஓடியது. என் பக்கத்து நாற்காலியில் ஒரு பல் டாக்டர். ஊராரின் பல்லைப் பிடுங்குகிற கையால் கவிதை எழுதுபவர்.

முதல் நாளே டீச்சர் ஒரு சட்டம் போட்டார். "யாரோட எழுத்தைப் பத்திப் பேசறோமோ, அவங்க மட்டும் பேசக் கூடாது. நாங்க முடிக்கற வரைக்கும் ஒரு வார்த்தை கூடாது. புத்தகம் கடைக்குப் போனப்புறம் ஒவ்வொரு வாசகர் பக்கத்துலயும் உக்காந்து விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது பாருங்க."

என் முறை வந்தது. கிரேன் கோபுரம் சாயாமல் இருக்க அதன் பின்பக்கம் எவ்வளவு கான்கிரீட் எடை தொங்குகிறது என்று தொடங்கும் அத்தியாயத்தைக் கொடுத்திருந்தேன். தூக்கம் வராத நாளைக்கு நல்ல மருந்து என்றார் ஒருவர். கிரேன் தானாகவே ஓடுகிறதா, ஓட்டுகிறவர் எங்கே என்று கேட்டார் இன்னொருவர். எனக்கு ரத்தம் கொதித்தது.

"இல்லைங்க, அது ஏன்னா..."

"வாயை மூடுங்க" என்றார் பல் டாக்டர்.

நாள் முழுக்க ஊரையே வாயைத் திறக்கச் சொல்கிற மனிதர்! மூடினேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டு, பிரசவ வலிக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேச முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, அவர்கள் சொன்னதெல்லாம் வேறு வழியில்லாமல் காதில் விழுந்து தொலைத்தது. பதிப்பாளர் ஒரு வரியில் சொன்னதைத்தான் இவர்கள் பத்து வாயால் சொன்னார்கள்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உங்க கேள்விதான் தப்பு. எப்படி இருந்துச்சுன்னு கேட்டா நல்லா இருந்துச்சுன்னுதான் வரும். கை எங்க இருந்துச்சு, கண்ணு எதைப் பாத்துச்சு, அதைக் கேளுங்க."

அடடா, அதற்குப் பிறகு எனக்கு வந்த வேகம்! எதைப் படித்தாலும் அது எங்கே தொடங்குகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. என் அத்தியாயத்தின் முதல் மூன்று பக்கங்களைக் கிழித்துப் போட்டுப் பார்த்தேன், நான்காவது பக்கம் எழுந்து உட்கார்ந்தது. பேருந்தில் நின்றுகொண்டே சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளிப் போய் நின்றார். இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு பாடம் படித்து இப்படித் துள்ள முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் முன்பே சேர்ந்திருப்பேன்.

புத்தகத்துக்கு நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. காற்றடித்த நாள். சில வருஷங்களுக்கு முன் அவர் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது திடீரென்று பேய்க்காற்று கிளம்பி, மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் இறங்க முடியாமல் உச்சியிலேயே மாட்டிக்கொண்டார். கிரேன் தானாகச் சுற்றியதை ஊரே அண்ணாந்து பார்த்தது. அக்கம்பக்கத்தார் எனக்குக் கதை கதையாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த மனுஷன் என்ன சொன்னார்? மேலே போனேன், கீழே வந்தேன், டீ இருக்கா. அந்த நாளை எழுதாமல் இந்தப் புத்தகம் எழுந்து நிற்காது என்று எனக்குத் தெரியும். எத்தனை தடவை கேட்டும் ஒரு வார்த்தை பெயரவில்லை.

ஒரு காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. வேலைக்குக் கிளம்பும் அவசரம். கதவோரம் நின்று டீச்சர் சொல்லிக்கொடுத்த கேள்வியைப் போட்டேன்.

"அந்தக் காத்தடிச்ச நாள்ல உங்க கண்ணு எதைப் பாத்துச்சு?"

பிரஷ் நின்றது. கண்ணாடியைப் பார்த்தபடியே, நுரை வழிய, சொன்னார். "கொக்கு. ஆடி ஆடி, கடைசியில என் முன்னாடி வந்து நின்னுச்சு. அப்பறந்தான் இறங்கினேன்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. கொக்கு! அந்தக் காற்றில், அந்த உயரத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு கொக்கு தள்ளாடித் தள்ளாடி வந்து இவர் கேபினுக்கு முன்னால் நின்றிருக்கிறது, அதைப் பார்த்துத் தைரியம் வந்து இவர் இறங்கியிருக்கிறார். இத்தனை வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தாரா! "அய்யோ, போதும், போதும், சொல்லாதீங்க!" என்று கத்திக்கொண்டே எழுதும் மேஜைக்கு ஓடினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்த ஞாபகம். வாய் கொப்பளிக்கத்தான் என்று நினைத்தேன்.

என்னால் தகவல் இல்லாமல் எழுத முடியாது, அது என் பிறவிக் குணம். கொக்கு எவ்வளவு உயரம் பறக்கும், எடை என்ன, காற்றில் சிறகை எப்படி மடக்கும் என்றெல்லாம் தேடி அரைப் பக்கம் சேர்த்தேன். எழுதி முடித்து வகுப்பில் வைத்தேன்.

திட்டும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதாவது பரவாயில்லை. புகழும்போது மூடிக்கொண்டிருப்பது இருக்கிறதே, அதுதான் தண்டனை! கொக்கு வந்து நிற்கும் இடத்தை ஒருவர் உரக்க வாசித்தார். பல் டாக்டர் மூக்கைச் சிந்தினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அக்கா, வந்துட்டீங்க" என்றார். எனக்கு மேஜை மேல் ஏறி நிற்க வேண்டும் போல் இருந்தது.

டீச்சரே அத்தியாயத்தைப் பதிப்பாளருக்கு அனுப்பிவைத்தார். மறுவாரம் போன்.

"மேடம், அந்தக் கொக்கு."

"சொல்லுங்க சார்."

"அதுக்காகவே புத்தகம் போடறேன். அட்டையிலயும் கொக்குதான். உங்க வகுப்போட வருஷக் கடைசி வாசிப்புக்கு நேர்ல வரேன், அட்டைப் படத்தோட. அங்கயே மத்தது பேசிக்கலாம்."

போனை வைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்தே போயிற்று. சிமென்ட்காரி, செங்கல்காரி என்று பெயரெடுத்தவளுக்கு, ஜனங்கள் தூங்காமல் படிக்கும்படி ஒரு புத்தகம்!

டீச்சர்தான் ஒன்று சொன்னார். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவருக்கு ஒரு தடவை வாசிச்சுக் காட்டிடுங்க. உண்மையை எழுதறவங்க அதைச் செஞ்சுதான் ஆகணும்." அதிலென்ன, காட்டினால் போயிற்று. உள்ளூர எனக்கு அவர் முகத்தைப் பார்க்கும் ஆசையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். காற்று வந்தது, கோபுரம் முனகியது, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கொக்கு வந்ததும் உரிக்கிற கை நின்றது.

"என்ன கொக்கு?"

"நீங்க சொன்ன கொக்குதான்."

"நான் எங்கடி சொன்னேன்?"

"பல்லு விளக்கறப்ப! ஆடி ஆடி முன்னாடி வந்து நின்னுச்சுன்னு..."

அவர் என்னைப் பார்த்தார். ஆரஞ்சைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலைத் தூண்டில் முள் மாதிரி வளைத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "கொக்கு இல்லடி. கொக்கி! கொக்கி!"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. கிரேன் கயிற்றின் நுனியில் சாமான் மாட்டுவதற்காகத் தொங்குமே, ஆள் உட்காருகிற அளவுக்குப் பெரிய இரும்புக் கொக்கி, அதுதான் ஆடி ஆடி வந்து நின்றிருக்கிறது. நான் அதற்குச் சிறகு வைத்து, எடை போட்டு, பல் டாக்டரை அழவைத்து, அட்டையில் ஏற்றிவிட்டேன்.

"அதுக்கு அரைப் பக்கம் ஆராய்ச்சி வேற!" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்க! புத்தகமே அந்தக் கொக்கு மேலதான் நிக்குது. பதிப்பாளர் கொக்குக்காகத்தான் போடறேன்னாரு." என் குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டதும் அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி விடு. கொக்காவே இருக்கட்டும். படிக்க நல்லாத்தான் இருக்கு. யாரு மேலே ஏறி வந்து பாக்கப்போறா?"

மனதுக்குள் சபலம் எட்டிப் பார்த்தது, பொய் சொல்வானேன். ஒரு எழுத்துதானே வித்தியாசம், யார் கண்டார்கள்? ஆனால் 'உண்மைக் கதை' என்று அட்டையில் போட்டு, அதற்குக் கீழேயே வராத கொக்கு ஒன்று நிற்கும். இந்த மனுஷர் தினமும் அதைப் பார்ப்பார்.

"அப்ப அந்தக் கொக்கி எதுக்கு..." என்று ஆரம்பித்தேன். பாதிக் கேள்வியிலேயே, வழக்கம்போல பதிலும் என் வாய்க்கு வந்துவிட்டது. காற்றில் ஆடியிருக்கும், பயந்திருப்பீர்கள், அப்படித்தானே என்று முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது, நம்பினால் நம்புங்கள், பல் டாக்டரின் குரல் காதில் கேட்டது. வாயை மூடினேன்.

மூடிக்கொண்டே இருந்தேன். ஆரஞ்சுச் சுளையிலிருந்து கொட்டையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இன்னொன்றை எடுத்து வைத்தார். மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"காத்து மீட்டர் கத்த ஆரம்பிச்சுது" என்றார். "தூக்கிக்கிட்டிருந்த கான்கிரீட் தொட்டியைக் கீழே இறக்கி வச்சுட்டேன். கொக்கியை மேல ஏத்தி, கேபின் பக்கமா இழுத்துக்கிட்டேன். அப்பறம் பிரேக்கை விட்டுடணும்."

பிரேக்கைப் போட வேண்டாமா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"எல்லாரும் நினைப்பாங்க, காத்தடிச்சா கெட்டியாப் பிடிச்சுக்கணும்னு. பிடிச்சா கோபுரமே சாஞ்சுடும். விட்டுடணும். காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் அதுவா திரும்பிக்கும். நான் கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். கஷ்டம் அதுதான். கை சும்மா இருக்காது, லீவரைத் தேடும்."

"கீழே சிக்னல்காரர் வாக்கி டாக்கியில என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கத்தறாரு. அதுல ஒரு சமயத்துல ஒருத்தர்தான் பேச முடியும். பேசி முடிச்சா ஓவர்னு சொல்லிட்டுப் பட்டனை விடணும், அப்பத்தான் எதிர்ப்பக்கம் பேசறது கேக்கும். அவர் விட்டாத்தானே? நல்லா இருக்கேன்னு நான் சொன்னது அவருக்குப் போகவே இல்ல." என்னை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஊரு சுத்திச்சு. பாலம் வந்துச்சு, போச்சு. ஸ்டேஷன் வந்துச்சு, போச்சு. நம்ம தெரு வந்துச்சு. மொட்டை மாடியில நீ நீலப் போர்வையைக் காயப் போட்டிருந்த. அவ்வளவு தூரத்துலயும் அது மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுது. அடுத்த சுத்துல இருக்காது, பறந்துடும்னு நினைச்சேன். வந்தா, இருக்கு. மறுபடி சுத்தி வந்தா, இருக்கு. கிளிப்பை நல்லா அமுக்கிப் போட்டிருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்."

நான் மேஜை விளிம்பை விடவில்லை.

"காத்து அடங்கி, கொக்கி ஆடாம நின்னாத்தான் ஏணியில காலை வைக்கலாம். போர்வையைப் பாப்பேன், கொக்கியைப் பாப்பேன். கடைசியில அது என் முன்னாடி வந்து நின்னுச்சு. இறங்கினேன்." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். "டீ இருக்கா?"

டீயாவது ஒன்றாவது! அந்த மேஜையிலேயே, ஆரஞ்சுத் தோலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். கொக்கை அடித்தேன், பேனாவால்தான். அரைப் பக்க ஆராய்ச்சியும் போயிற்று. நுரையோடு அவர் சொன்னதும் நான் தப்பாகக் கேட்டதும் முதல் பத்தியாக வந்து உட்கார்ந்தன. பிறகு மடியில் இருந்த கைகள், பிறகு போர்வை. எழுத எழுத உடம்பு சூடேறியது. இது நன்றாக வருகிறது என்று கைக்கே தெரிந்தது. ஐயோ, இந்தச் சந்தோஷத்தை எந்தக் கடையில் வாங்க முடியும்! டீ அவரே போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு கப் கொண்டுவந்து வைத்தார்.

டீச்சருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரிப்பு. பிறகு பயம். "அக்கா, பதிப்பாளர் கொக்குக்காகத்தான் வர்றார். இதைப் படிச்சீங்கன்னா எழுந்து போனாலும் போயிடுவார். முன்னாடியே பேசிப் பாக்கலாமா?"

"படிச்சே சொல்லிடறேன் டீச்சர்."

"ஒத்தக்கால்ல நிக்கறீங்க."

"கொக்கு போயிடுச்சு இல்ல, யாராவது நிக்கணுமே."

வாசிப்பு நாள். அதே அறை, கூடுதலாக நாற்காலிகள். பல் டாக்டர் கொக்குக்காகவே ஒரு பெரிய கைக்குட்டையோடு வந்திருந்தார். முன்வரிசையில் பதிப்பாளர், மடியில் சுருட்டிய அட்டைப் படம். கடைசி வரிசையில் என் கணவர். தேய்த்த சட்டை, முழங்காலில் இரண்டு கைகள், கேபினில் உட்கார்ந்திருப்பது போலவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் புத்தகம் இன்று போனால், இன்னொரு பதிப்பாளர் வாசலில் ஏறி நிற்கத் தெம்பு கிடையாது.

வாசித்தேன். பல் விளக்குகிற இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். கொக்கு கொக்கியான இடத்தில் பல் டாக்டர் "அடப்பாவமே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பதிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. போர்வை சுற்றிச் சுற்றி வந்தபோது டாக்டரின் கைக்குட்டை வெளியே வந்தது. முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

பதிப்பாளர் அட்டைப் படத்தை மெல்ல விரித்தார். எல்லோருக்கும் தெரிந்தது. மஞ்சள் இரும்புக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு. அழகென்றால் அப்படி ஓர் அழகு, பாவி ஓவியர் உயிரைக் கொடுத்து வரைந்திருந்தார். அதையே பார்த்துக்கொண்டு பதிப்பாளர் கேட்டார். "அப்ப கொக்கு வரவே இல்லை."

"வரல சார்."

அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஆயிரம் இருந்தன. கொக்கில்லாமலும் நன்றாக இருக்கிறது சார், அட்டையை மாற்றிக்கொள்ளலாம் சார், கைவிட்டுவிடாதீர்கள் சார். எல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றன. பேசப்படுவது என் எழுத்து. பேசக் கூடாதவள் நான். உதட்டைக் கடித்தேன்.

பதிப்பாளர் படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் பின்பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கதானே அவர்? கொக்கி நின்னுச்சு, இறங்கிட்டீங்க. அப்பறம்?"

என் கணவர் வழக்கப்படி என்னைப் பார்த்தார். இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் வீட்டில் பதில் சொல்வது நான்தான். நான் பேசவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அப்பறம்... ஏணியில இறங்கறப்பவே, இவகிட்ட என்னென்ன சொல்லணும்னு ஒவ்வொண்ணாச் சேத்துக்கிட்டே இறங்கினேன். கையை மடியில வச்சுக்கிட்டது, போர்வை, எல்லாம். மறந்துடக் கூடாதுன்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினேன். இவ திறந்தா. திறந்ததுமே, கிரேன் எப்படி ஆடிச்சு, எப்படிச் சுத்திச்சு, கீழே எவ்வளவு கூட்டம், எல்லாத்தையும் எனக்கே சொல்ல ஆரம்பிச்சுட்டா." சட்டை நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். "நான் டீ இருக்கான்னு கேட்டேன்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்த வாசலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். ஏன் உள்ளே வராமல் நிற்கிறார் என்று நினைத்தேன்.

"இத்தனை வருஷமா பட்டன் அமுங்கியே இருந்துச்சுங்க" என்றார். "போன ஞாயித்துக்கிழமைதான் விட்டா. இந்தப் படிப்பு நல்ல படிப்பு."

டீச்சர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பதிப்பாளர் மட்டும் திரும்பாமல் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆள் இருக்கார்" என்றார், தனக்குத்தானே. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கவிழ்த்துவைத்த கொக்கின் முதுகில் ஏதோ குறித்தார். "அட்டைக்குக் கேக்கறேன். அந்தப் போர்வை என்ன நீலம்? வெளிர் நீலமா, அடர் நீலமா?"

எனக்குத் தெரியும்! கடையில் பேரம் பேசி வாங்கியவளே நான்தான்! நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பல் டாக்டர் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"வீட்டுல பாத்தா அடர் நீலம்" என்றார் என் கணவர் யோசித்து. "மேலேருந்து பாத்தா வெளிர் நீலம். மேலேருந்து பாத்ததையே போடுங்க."

பதிப்பாளர் அதையும் எழுதிக்கொண்டார். அட்டைக்கு நிறம் கேட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. புத்தகம் வருகிறது!

கணவர் உட்காரப் போனவர், ஏதோ மறந்தாற்போல நின்று, என்னை நேராகப் பார்த்தார்.

"ஓவர்" என்றார்.

வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. டீச்சர் தலையசைத்தார், இப்போது நான் பேசலாம். பல் டாக்டர் முழங்கையை விட்டுவிட்டார். எனக்கு ஒன்றுமே பேசத் தோன்றவில்லை. அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.